சலித்த மண்

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் தரை துடைக்கிறேன். பயோ இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட். தங்கச் சுரங்கம் இருந்த ஊரிகத்தில் காலை ரயில் பிடித்துப் போகிறேன்.

நான் சேர்ந்தபோது அது இரண்டு அறை, ஒரு ஃபிரிட்ஜ். இப்போது மூன்று மாடி. நான்காவது கட்டுகிறார்கள். எனக்குத் துடைக்கிற இடம் கூடியது. உள்ளே என்ன கூடியது என்று தெரியாது.

ஒரு நாள் பெரிய மேடம் கூப்பிட்டுக் காட்டினார். நகம் அளவு கண்ணாடி. அதில் மனுஷ நுரையீரலை வளர்க்கிறார்களாம்.

"இருமுமா மேடம்?"

சிரித்தார். நான் சிரிக்கக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஷாஃப்ட் இறங்கிப் பாறை வெட்டியவர். தூசி நெஞ்சில் கட்டிவிட்டது. பத்தடி நடந்தால் நிற்பார். சொன்னேன்.

"அவர மாதிரி ஆளுங்களுக்குத்தாம்மா இது. உங்க ஊர் மண்ணு கொஞ்சம் கொண்டு வாங்க. இதுமேல போட்டுப் பாக்கணும்."

எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் சயனைட் மேடு. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண். காற்றடித்தால் சோற்றில் விழும். தினமும் கூட்டித் தள்ளுகிறேன். அதை ஒருவர் கேட்கிறார். கல்லும் புல்லுமாகக் கொடுக்க மனசு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து மாவுச் சல்லடையில் சலித்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார்.

"இன்னாமே, பலகாரமா?"

"உனக்கு நுரையீரல் செய்யறாங்களாம்யா."

"மண்ணுலயா?"

சலித்த தூசியில் அன்று அவருக்குப் பிடித்த இருமல் மூன்று நாள் விடவில்லை. படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். லீவு போட்டேன். நான்காம் நாள் மண்ணை ஒரு டப்பாவில் போட்டு மேடத்திடம் கொடுத்தேன். சலித்ததைச் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மேடம் சந்தோஷமாக வந்தார். கண்ணாடியில் இருந்த நுரையீரல் மண் பட்டு ஒரு வாரத்தில் செத்துவிட்டதாம்.

"நல்லா வந்திருக்கும்மா. இந்த மண்ணு நுரையீரல என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சிடுச்சு. நாலாவது மாடி முழுக்க இந்த வேலைதான். இன்னொரு டப்பா வேணும்."

செத்தது எப்படி நல்லது? புரியவில்லை. வேறு கேட்டேன்.

"அவருக்கு எப்போ மேடம்?"

"பத்து வருஷம் ஆகலாம். மேலயும் ஆகலாம். பொய் சொல்ல மாட்டேன்மா."

வீட்டில் எல்லாம் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அது ஒரு வாரத்துல செத்துடுச்சா? நான் இத்தினி வருஷமா கீறேனே. என்னிய வந்து பாக்கச் சொல்லு."

சிரித்தார். சிரிப்பு இருமலானது. டப்பாவோடு நின்றேன். மண் அள்ளுவதா, டப்பாவைத் தூக்கிப் போடுவதா, தெரியவில்லை.

இருமல் நின்றதும் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அள்ளிக்கினு போ. சல்லடைய மட்டும் தொடாத."