லேபிள் இல்லாத கிண்ணம்

என் முகத்தோலுக்கு என்னைவிடக் கோபம் அதிகம். வாசனை கலந்த எது பட்டாலும் சிவந்து தடித்துவிடும். போன கல்யாணத்தில் யாரோ கொடுத்த ஷேவிங் லோஷனைத் தடவிக்கொண்டு மேடையேறினேன். ஒன்பது பேர் தேனீ கொட்டியதா என்று கேட்டார்கள். மற்றவர்கள் கேட்காமலே சிரித்தார்கள்.

இந்த முறை தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். எங்கள் பக்கத்தில் மாமன் இல்லாமல் ஒரு சடங்கும் நகராது; மணமக்களுக்கு அடுத்தபடி வீடியோவில் அதிகம் வருவது அவன் மூஞ்சிதான். அதை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும்.

வேலந்தாவளத்தில் பாயின் ஃபேன்சி கடையில் பூதக்கண்ணாடியோடு போய் நின்றேன். முதல் முகக் கிரீமின் லேபிளில் இருபத்தேழு சாமான்கள். இருபத்து மூன்றாவதாக வாசனைத் திரவியம். திருப்பிக் கொடுத்தேன். அடுத்ததில் முப்பத்தொன்று, வாசனை ஒன்பதாவது இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, இது மூஞ்சிக்குப் பூசறதுங்களா, தின்னறதுங்களா?" என்றார் பாய்.

"தின்னா வயித்தோட போயிரும் பாய். பூசுனா ஊரே பாக்கும்."

"அப்ப இதை எடுங்க. கெமிக்கலே இல்லீங்க, எல்லாம் இயற்கை."

"அரளிக்காயும் இயற்கைதானுங்க."

முன்பக்கத்தில் 'வாசனை இல்லாதது' என்று போட்டிருந்தால் நம்பாதே, பின்பக்கத்தைப் படி என்று தோல் டாக்டர் சொல்லியிருந்தார். ஆறாவது டப்பாவில்தான் இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. மொத்தம் பதினொரு பெயர்கள். வாங்கிவந்து முழங்கை மடிப்பில் ஒரு வாரம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"கல்யாணப் பொண்ணே இத்தனை பாக்கலீங்க" என்றாள் மனைவி.

மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்களுக்குத் தப்பிப் பின்வாசல் வழியாகப் புகுந்தேன். மேடை வரை முகம் பளிச்சென்று இருந்தது.

இரு வீட்டு மாமன்களும் கன்னத்தில் சந்தனம் பூசி மாலை மாற்றிக்கொள்வது முறை. அதை மட்டும் எப்படி மறந்தேனோ! மாப்பிள்ளையின் மாமன், மறையூர்க்காரர், வெள்ளிக் கிண்ணத்தோடு எதிரே வந்து நின்றார்.

"இதுல என்னென்ன கலந்திருக்கீங்க, சம்பந்தி?"

"என்ன சம்பந்தி, அப்படிக் கேட்டுப்புட்டீக? எங்கூருச் சந்தனம். நானே உரைச்சு, பன்னீரும் அத்தரும் ஊத்திக் குழைச்சது."

கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் பாத்திரக் கடையின் பெயர்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற ஏழு பேரின் முகமும் மாறத் தொடங்கியது. மணப்பெண் என் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, மானத்த வாங்காதீங்க."

"ஒரு கன்னம் போதுங்க சம்பந்தி" என்று வலக் கன்னத்தை நீட்டினேன்.

தாலி கட்டுவதற்குள் அது வேகவைத்த பீட்ரூட் ஆகிவிட்டது. அப்புறம் இடக் கன்னத்தை மட்டுமே கேமராவுக்குக் கொடுத்தேன். ஆல்பத்தில் நான் நிற்கும் நாற்பத்து மூன்று படங்களிலும் மணமக்களைப் பார்க்காமல், பந்தி நடக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அன்னைக்கு அத்தனை பசியா மாமா?" என்று அவள் இன்னும் கேட்கிறாள்.