அத்தையின் ஜாதகத்தை நான் இடம் மாற்றியது

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டில் மவுஸைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அத்தை, இன்னொன்று நான். கம்ப்யூட்டரை வாங்கிப் போட்ட பெரியப்பாவுக்கு அது கடைசிவரை கைக்கு வரவில்லை. இரண்டு தட்டுத் தட்டுவதற்குள் மவுஸ் ஒருபக்கமும் அவர் விரல் ஒருபக்கமும் போய்விடும். தன் மிளகாய் வத்தல் கடையில் ஒரு கை அள்ளிப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுகிற மனிதர், இதனிடம் தோற்றுப்போவதை விரும்பவில்லை. ஆகவே அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று உத்தரவு போடுவார், நான் உட்கார்ந்து கிளிக் செய்வேன்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஞாயிறுதோறும் ஆள் வரும். சொந்தக்காரர்களுக்குள் வரன் சேர்த்துவைப்பதைப் பெரியப்பா ஒரு புண்ணியமாகச் செய்துவந்தார். அதற்குக் காசு வாங்க மாட்டார், பேர் மட்டும் வாங்குவார். திருச்சுழி, நரிக்குடி, பாலவனத்தம் என்று சுற்றுப்பட்டிலிருந்தெல்லாம் பையனைப் பெற்றவர்கள் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு ஜாதகம், ஜாதகத்துக்கு ஒரு ஃபைல், மூலையில் ஒரு போட்டோ. டெஸ்க்டாப்பில் மூன்று ஃபோல்டர்கள் இருந்தன: 'மாப்பிள்ளை', 'பெண்', 'கல்யாணம் ஆனவை'. யாராவது பத்திரிகை வைக்க வந்தால் அன்றைக்கே அந்த இரண்டு பேரின் ஃபைலையும் மூன்றாவது ஃபோல்டருக்கு மாற்றிவிட வேண்டும். அது என் வேலை. ரைட் கிளிக் செய்து 'கட்' கொடுத்ததும் போட்டோவில் இருக்கிற முகம் வெளிறிப்போகும். அடுத்த ஃபோல்டரில் 'பேஸ்ட்' கொடுத்ததும் தெளிந்துவிடும். பெரியப்பா பின்னாலிருந்து, "நல்லா இருக்கட்டும்" என்பார்.

அத்தை, அப்பாவுடன் பிறந்த கடைசித் தங்கை. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பி.காம். முடித்தவள். அந்த ஜாதகங்கள் எல்லாவற்றையும் டைப் செய்து கட்டம் போட்டது அவள்தான். தன்னுடையதை மட்டும் அவள் தொடவில்லை. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் தன் ஜாதகத்தைத் தானே தொட்டால் வரன் தள்ளிப்போகும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் அதை வெளியே ஒரு கடையில் கொடுத்து அடித்து வாங்கினார் பெரியப்பா. பென் டிரைவிலிருந்து 'பெண்' ஃபோல்டரில் போட்டது நான்தான். அந்த ஃபோல்டரில் வேலை செய்யும்போது அத்தை தன் படம் வந்தால் தாண்டிப் போய்விடுவாள். இதற்குமேல் தள்ளிப்போக என்ன மிச்சமிருந்தது என்று இப்போது எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. அப்போது யாரும் கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு மூட்டுவலி, உட்கார்ந்தால் எழ முடியாது. அம்மாவுக்குத் தம்பி பிறந்ததிலிருந்து முதுகுவலி. சமையல் அத்தை, துணி அத்தை, தம்பியைக் குளிப்பாட்டுவது அத்தை, எனக்கு இரட்டைச் சடை போட்டு வாய்ப்பாடு கேட்பதும் அத்தை. வீட்டுக்கு யார் வந்தாலும், "அவ இல்லாட்டி இந்த வீட்டுல ஒரு வேல ஓடாது" என்று பெரியம்மா பெருமையாகச் சொல்வாள். நானும் அதைப் பெருமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பெரியப்பா கடையிலிருந்து நேரத்தோடு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தாயி, அத்தை ஜாதகத்த எடுத்து அந்தக் கல்யாணமானதுல போட்டுரு."

"அத்தைக்குக் கல்யாணமா பெரியப்பா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆமா. யார்ட்டயும் சொல்லிராத. அத்தைட்டகூடச் சொல்லக் கூடாது. நேரம் வந்ததும் நானே சொல்லிக்கிறேன்."

பக்கத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடக்கவும் இல்லை, தலையைத் தூக்கவும் இல்லை. அப்பாவுக்கும் விஷயம் தெரியும்போல என்று நினைத்தேன். அந்த ஒன்றை மட்டும் நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். நீலச் சேலையில் இருந்த அத்தையை 'கட்' செய்தேன். வெளிறினாள். 'பேஸ்ட்' செய்தேன். பெரியப்பா அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் தம்பியோடு வந்தார். மகன் திருச்சுழியில் ஒரு ஆபீஸில் கிளார்க்காம். நான் பெண் ஜாதகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். அந்த அம்மா திரையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பாதியில் பெரியப்பாவின் பக்கம் திரும்பிவிட்டார்.

"அண்ணாச்சி, சுத்தி வளைக்காமக் கேட்டுர்றேன். முந்தாநேத்தே கடைக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தேனே. ஒங்க தங்கச்சியத்தான் கேட்டு வந்திருக்கோம். போன மாசம் ஒரு கல்யாணத்துல பாத்தோம். பையனுக்குப் பிடிச்சிருக்கு. வயசுல்லாம் ஒரு கொறையில்ல. ஜாதகத்தக் குடுத்தீகன்னா போதும்."

"குடுக்கிற மாதிரி இருந்தா இதுலதானம்மா இருக்கும்?" என்று பெரியப்பா கம்ப்யூட்டரைக் காட்டினார். "நீங்க ஆள் விட்டதுக்கு முன்னயே சொந்தத்துல பேசி முடிச்சாச்சு. வெளிய சொல்லல. காட்டு தாயி."

நான் மூன்றாவது ஃபோல்டரைத் திறந்து, அத்தையின் படத்தைப் பெரிதாக்கி, அந்த அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்படி நாற்காலியைக்கூட நகர்த்திக்கொண்டேன். ஒரு மனிதர் வாயால் சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். கம்ப்யூட்டரில் இருந்தால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அதற்கு ஒரு சின்னப் பிள்ளையும் சாட்சியாக உட்கார்ந்திருந்தால் சந்தேகம் எங்கிருந்து வரும்? பெரியப்பா கெட்டிக்காரர்தான்.

அப்போது அத்தை காப்பியோடு வந்து நின்றாள். அந்த அடுப்படி நெருக்கடியிலும் அன்றைக்கு அவள் தலைசீவிப் பூ வைத்திருந்தாள். அவள் திரையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அந்த அம்மா எழுந்து அத்தையின் கன்னத்தைத் தொட்டு, "எங்க போனாலும் நல்லா இருக்கணும்மா" என்றார். அத்தை, "காப்பி எடுத்துக்கங்க" என்றாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அத்தைக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. அதே வீட்டில்தான் இருக்கிறாள். பெரியம்மாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைப்பது அவள்தான். அத்தையின் ஜாதகத்தில் ஏதோ தோஷம், அதுதான் எதுவும் அமையவில்லை என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல்கூடக் கம்முகிறது. அவர் அதை நம்பியேவிட்டார் என்று நினைக்கிறேன். எனக்கு அவர்மேல் இருக்கிற கோபத்தை நான் மறைப்பதில்லை. ஆனால் அந்த இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போனவள் நான் என்பதால், கோபத்தை ரொம்பவும் சத்தமாகச் சொல்ல எனக்கு வாயும் இல்லை.

அந்த ஞாயிறு ராத்திரி சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு அத்தை முன்னறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதத் தொற."

திறந்தேன். ஊரிலே கல்யாணமான அத்தனை பேருக்கும் நடுவில் தன் படத்தை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் அதைத் தாண்டாமல் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"நீயா மாத்துன?"

"ஆமா அத்தை."

"யார் சொன்னா?"

"சொல்லக் கூடாது."

அவள் கை மவுஸ் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. பிறகு மடிக்குப் போய்விட்டது.

"பழைய எடத்துலயே கொண்டுபோய் வச்சிரு பாப்பா. நான் தொடக் கூடாதுல்ல? நீ வையி."

"போங்கத்தை. கல்யாணமானவுகள அங்க வைக்கக் கூடாது. பெரியப்பா ஏசுவாக" என்றேன். அவளுக்கு ஃபோல்டர் விவரம் சொல்லிக்கொடுக்கிற மிடுக்கு எனக்கு. அதோடு விடாமல், "ஒங்க கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப்பாவாடை எடுப்பீகளா?" என்றும் கேட்டேன்.

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"என்ன கலர் வேணும்?"

"அரக்கு."

அந்தத் தீபாவளிக்கு அரக்குக் கலரில் பாவாடை வந்தது. கல்யாணம் எப்போது என்று அதற்குப் பிறகு நான் அத்தையிடம் கேட்கவே இல்லை. எனக்குத்தான் பாவாடை வந்துவிட்டதே.