புளிக் கொட்டகையில் ஓர் இளவரசன்

மலர்விழியை நல்லவள் என்று நான் சொல்ல மாட்டேன். நல்லவள் என்று பெயரெடுத்த பெண்கள் என்ன கதிக்கு ஆளானார்கள் என்று எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அவள் எதையும் மறக்காதவள். எனக்கு அது போதும்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோட்டோரத்தில் சுப்புராயனின் புளிக் கொட்டகை இருக்கிறது. மாசி பிறந்தால் மலையிலிருந்து புளி மூட்டை மூட்டையாக இறங்கும். நாங்கள் பதினேழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சின்னச் சுத்தியால் ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுப்போம். சாயங்காலத்துக்குள் விரல் நுனியெல்லாம் கறுத்து எரியும். இந்த வருஷம் அந்த எரிச்சலை மறக்க வைத்தது மலர்விழியின் போனில் ஓடிய ஒரு நாவல்.

கதை சொல்லும் ஆப் ஒன்றில் தினம் ஒரு பாகம் இலவசமாக வரும். கொட்டகையில் டவர் எடுக்காது. அதனால் மலர்விழி விடிகாலையில் அடுப்பு வேலையோடு வேலையாக ஹெட்செட்டில் ஒரு தரம் கேட்டுவிட்டு, எங்களுக்காகப் போனில் இறக்கிக்கொண்டு வருவாள். காலிக் குண்டானுக்குள் போனை வைத்தால் பதினேழு சுத்திச் சத்தத்தையும் மீறிக் கதை கேட்கும்.

கருநீல வனத்தில் சிறகு முளைத்த ராணி ஒருத்தி. வேட்டைக்கு வந்த இளவரசன் ஒருவன் அவளைக் காதலிக்கிறான். ஒரு நாள் அவள் அருவியில் குளிக்கும்போது, கரையில் கழற்றி வைத்திருந்த சிறகை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், தன் நாட்டில் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். ராணிக்கு மறுபடி சிறகு முளைக்க வேண்டும், அவள் பறந்துபோய் அவனைக் கேள்வி கேட்க வேண்டும். இதுதான் தொண்ணூற்றாறு பாகம்.

சிறகு திருடுபோன பாகம் ஓடிய அன்று மலர்விழி தலையே நிமிரவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் குளிக்கப் போன நேரத்தில்தான் அவள் புருஷன் பகலவன், மாடத்தில் கழற்றி வைத்திருந்த கம்மலை எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு ஓடினான், கரும்பு வெட்டப் போன இடத்தில் பழக்கமான ஒருத்தியோடு. அப்போது இவள் கையில் மூன்று வயதுப் பெண் பாரதி. அன்றிலிருந்து மலர்விழியின் காதில் வேப்பங்குச்சிதான்.

ஆனால் அவளைச் சுட்டது அது மட்டும் இல்லை. மாமியார் காசியம்மாள் தெருத் தெருவாக, "அவளுக்கு வாயி ஜாஸ்தி, அதான் எம்புள்ள ஓடிட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அந்தக் காசியம்மாளும் எங்கள் கொட்டகையில்தான் புளி தட்டினாள், மலர்விழிக்கு நேர் எதிரில். மருமகளின் முகத்தைப் பார்க்க மாட்டாள். மருமகளின் போன் மட்டும் வேண்டும்.

கதையில் காசியம்மாளைப் போல மூழ்கியவர்கள் யாரும் இல்லை. "கட்டையில போறவன்! குளிக்கிற பொம்பளகிட்ட திருடிக்கினு போறான் பாரு!" என்று சுத்தியை ஓங்கிப் போட்டதில் புளி, கொட்டையோடு நசுங்கியது. தினமும் அந்த இளவரசனுக்கு ஒரு தண்டனை சொல்வாள். ஒரு நாள் கால்களை ஒடிப்பாள், ஒரு நாள் கண்ணைப் பிடுங்குவாள். இந்தக் கிழவிக்குக் கொஞ்சம்கூடவா உறைக்கவில்லை என்று நான் வாயைப் பிளந்தேன். மலர்விழி நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

வைகாசியில் பகலவன் வந்து சேர்ந்தான். அந்தத் திருப்பூர்க்காரி துரத்திவிட்டாளாம். ஆத்தா வீட்டில் இரண்டு நாள் கிடந்தான். காசியம்மாள் ஊர்ப் பெரியவர் பச்சமுத்துவிடம் போய் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் கூடிப் பேசி, அவனை மலர்விழி வீட்டில் விட்டுவிடுவது என்று ஏற்பாடு. பேச்சுவார்த்தை என்று பெயர்தான், எல்லாரும் முன்னாலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஊர் சொன்னதை மீறினால் அந்தத் தெருவில் ஒண்டியாக ஒரு பொம்பளை குடியிருக்க முடியாது.

"அவன் உள்ள வந்தா நான் வெளிய போவணும், சின்னப்பொண்ணுக்கா" என்றாள் மலர்விழி என்னிடம். "வூடு எம்பேர்ல கவருமெண்டு குடுத்த தொகுப்பு வூடு. செங்கல்லு சொமந்தது நானு. எதுக்கு நான் போவணும்?"

அந்த வாரம் வியாழக்கிழமை கடைசிப் பாகம் வந்தது. அவள் கொண்டுவரவில்லை.

"நெட்டு வரல" என்றாள். வெள்ளிக்கிழமையும் அதே பதில். காசியம்மாள் தவித்துப்போனாள். யாரையோ பார்த்துப் பேசுகிற மாதிரி, "டவுனுக்குப் போயாவது ஏத்திக்கினு வரக்கூடாதா?" என்றாள். மகன் விவகாரத்துக்குக்கூட அவள் அப்படித் தவிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மலர்விழி போனைக் குண்டானில் வைத்தாள். ராணிக்குச் சிறகு முளைத்துவிட்டது. அரண்மனை மாடியில் இறங்குகிறாள். இளவரசன் காலில் விழுந்து அழுகிறான். ராணியும் அழுகிறாள், மன்னிக்கிறாள், மேளம் கொட்டுகிறது, கதை முடிந்தது.

கொட்டகையில் ஒரு சுத்திகூட விழவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குண்டானையே எட்டி உதைத்திருப்பேன். அதற்குள் காசியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னாது இது? மன்னிச்சிட்டாளா? ரெக்க மொளச்சும் புத்தி மொளைக்கலியே அவளுக்கு!"

மலர்விழி போனை எடுத்து இடுப்பில் செருகினாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக மாமியாரை நேராகப் பார்த்து, "நீங்க அந்த ராணியா இருந்தா இன்னா செஞ்சிருப்பீங்க அத்த?" என்று கேட்டாள். குரல் அவ்வளவு பதமாக இருந்தது. நெட்டு வராததில் எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

காசியம்மாளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சுத்தியை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். "நானா? வாசப்படி மிதிக்க வுட மாட்டேன். திருடிக்கினு போனத மொதல்ல கொண்டாந்து வையிடாம்பேன். வெச்சாலும் உள்ள சேக்க மாட்டேன். இன்னொருத்தி தூக்கி எறிஞ்ச எச்சில நான் எதுக்குப் பொறுக்கணும்? அவனப் பெத்தவ ஒருத்தி இருப்பா இல்ல? அவ வூட்டுக்கு அனுப்பு. சாவற வரைக்கும் அவளே ஆக்கிப் போடட்டும். அவ வளத்த லட்சணம்தான அது!"

"சரிங்க அத்த" என்றாள் மலர்விழி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தோம். வீடு வீடாகப் போய் அழைத்தவள் மலர்விழி. பகலவன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தலை குனிந்து நின்றான். காசியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்து, "ஆம்பள, தெரியாம தப்பு பண்ணிட்டான். மன்னிச்சி சேத்துக்கினா கொழந்தைக்கு அப்பன் ஆச்சிங்க" என்றாள்.

பச்சமுத்து மலர்விழியைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"எனக்குப் படிப்பு கம்மிங்க. நியாயம் பேசத் தெரியாது. எங்க அத்த நேத்து ஒரு நியாயம் சொன்னாங்க. அத நான் ஏத்துக்கறேங்க."

சொன்னாள். ஒரு வார்த்தை பிசகாமல், அவசரப்படாமல், காசியம்மாள் நீட்டின மாதிரியே கையை நீட்டிச் சொன்னாள். வாசப்படி, திருடின பொருள், எச்சில், கடைசியில் அந்த வளர்த்த லட்சணம். சொல்லும்போது காதுக் குச்சியை ஒரு தரம் தொட்டுக்கொண்டாள்.

"அது கதைடி! அது வேற!" என்று கத்தினாள் காசியம்மாள்.

"நீ சொன்னியா, சொல்லலியா?" என்றார் பச்சமுத்து.

நான்தான் முதலில் எழுந்தேன். "சொன்னாங்க. என் காதால கேட்டேன்." பெரியநாயகி எழுந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகப் பதினைந்து பேரும் எழுந்தோம். பின்னால் இருந்த ஆம்பிளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பச்சமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பெத்தவளே தீர்ப்பு சொல்லிட்டா. நாங்க இன்னா சொல்றது? கூட்டிக்கினு போம்மா உம்புள்ளைய."

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை ஆத்தாவுக்குப் பின்னால் நடந்து போனான். பாவம் என்றாள் பெரியநாயகி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனசு நிறைந்து போயிருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

திங்கட்கிழமை காசியம்மாள் வேலைக்கு வந்தாள். வராமல் என்ன செய்வாள், வீட்டில் இன்னொரு வயிறு இருக்கிறதே. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மலர்விழி புது நாவல் ஒன்று கொண்டுவந்திருந்தாள். கடலுக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம், அங்கே ஒரு முத்து இளவரசி. ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு மந்திரவாதி அவளை ஏமாற்றி முத்தைப் பறித்துக்கொண்டான்.

மலர்விழி கதையை நிறுத்தினாள். சுத்திகளும் நின்றன.

"இவனுக்கு இன்னா பண்ணலாம், அத்த?"

காசியம்மாள் மட்டும் திரும்பாமல் புளியை ஓங்கித் தட்ட ஆரம்பித்தாள். மலர்விழி நிதானமாகக் காத்திருந்தாள். பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, கதையை மறுபடி ஓடவிட்டாள்.