பத்துக்கு எட்டில் ஒரு ஸ்டோர்

கிள்ளானில் முப்பத்தோரு வருஷம் லோரி ஓட்டி ஓய்ந்த சுகுமாறனுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சமிருந்தது. வீட்டின் பின்புறம் ஒரு ஸ்டோர் கட்ட வேண்டும். அதில் காலை நீட்டிப் படுத்து, ‘அதை எடு, இதை வை’ என்று யாரும் ஏவாமல், நாலு மணி நேரம் ரேடியோ கேட்க வேண்டும். ஹாலில் அதெல்லாம் நடக்காது. சோபா மனைவி மலர்விழிக்கு, டிவி அவளுடைய சீரியல்களுக்கு.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்னால் மனுஷன் பிளான் போட்டார். பத்தடிக்கு எட்டடி. தகரக் கூரை. தன் உயரத்தை அளந்து ஆறடியில் பெஞ்சு. தலைமாட்டில் ஃபேன், படுத்தபடியே கைக்கு எட்டும் சுவிட்சு. சாமான் மாட்ட ஓர் ஆணிகூடக் கிடையாது. ஆனால் மனைவியிடம் சொன்னது வேறு.

“சாமான் வைக்க பின்னால ஒரு ஸ்டோர் கட்டணும்லா.”

“சாமான் மாடிப்படிக்குக் கீழ கெடக்கட்டும். அங்க நா துணி காயப் போடணும்.”

அறுபத்து மூன்று வயதில், எனக்கு ஓர் இடம் கொடு என்று பெண்டாட்டியிடம் கேட்க அவருக்கு வெட்கம். புளுகுவதற்கு மட்டும் வெட்கமில்லை. மறுநாள் காலைத் தேத்தண்ணியின்போது, முனியாண்டி கனவில் வந்து அந்த மூலையைக் கேட்டார் என்று ஒரே போடாகப் போட்டார். சாமிக்கு ஒரு படம், கொஞ்சம் விபூதி. மீதி இடமெல்லாம் பெஞ்சுக்கு என்று நினைப்பு.

மலர்விழி அன்றைக்கே துணிக்கொடியை அவிழ்த்தாள். பிளானையும் பிடுங்கிக்கொண்டாள். கட்ட வந்தவரும் அவள் பேச்சைத்தான் கேட்டார். வாசல் கிழக்கே திரும்பியது. பக்கத்து வீட்டுக் கழிவறை தெரிகிறதென்று ஜன்னல் போயிற்று. பெஞ்சுக்கு ஒதுக்கிய இடத்தில் டைல்ஸ் ஒட்டிய மேடை எழும்பியது. ஃபேன் மட்டும் தப்பியது, அதுவும் சாமிக்கு.

முதல் பூசையன்று சுருட்டைப் பற்றவைத்து மேடையில் வைத்தாள். சூடம் காட்டினாள். பிறகு அழுதாள்.

“இத்தன வீடு இருக்க, நம்ம வீட்டத் தேடி வந்திருக்காரு. எல்லாம் ஒங்க நல்ல மனசுக்குத்தாங்க.”

சுகுமாறனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சொன்ன புளுகுக்கு நல்ல பெயர் வேறு வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

“மலரு, கனவெல்லாம் ஒன்னும் வரல. எனக்குத்தான் தனியா ஒக்கார ஒரு எடம் வேணும்னு இருந்திச்சி. கேக்க வெக்கமா இருந்திச்சி.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டவில்லை.

“ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பேனே! இப்ப சாமிய எங்க போகச் சொல்றது?”