நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்குகளில் பாதுகாப்புக்கு மூன்று சாதனங்கள் உண்டு: காலுக்கு பூட்ஸ், தலைக்கு ஹெல்மெட், வாய்க்கு "ஒன்னும் ஆவாது லா". முதல் இரண்டையும் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மூன்றாவது எல்லாரிடமும் பிறவியிலேயே இருக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு கிடங்கின் அலுவலகத்தில் பதினாறு வருடம் ஃபைல் கட்டிக்கொண்டிருந்த கிராணி நான். ஒருநாள் முதலாளி ஒரு வெள்ளை ஹெல்மெட்டை என் மேசையில் வைத்து, "இனிமே நீங்கதான் சேஃப்டி ஆபீசர். பரீட்சை மட்டும் பாஸ் பண்ணிடுங்க" என்றார். அந்த 'மட்டும்' என்னை இரண்டு முறை கவிழ்த்தது. மூன்றாம் முறையும் கோட்டை விட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். வெள்ளை ஹெல்மெட் அந்த ஆள் தலைக்குப் போகும், நான் பழையபடி ஃபைலுக்குப் போவேன். நாற்பது வயதுக்கு மேல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாதிரி வினாக்களோடு மல்லுக்கட்டும் என் சக பாவிகளே, உங்களை நம்பித்தான் இதையெல்லாம் வெளியே சொல்கிறேன்.

செலாயாங் அண்ணனின் குறுக்கு வழி

ஞாயிறுதோறும் பிரிக்ஃபீல்ட்ஸில் வகுப்பு. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே நாங்கள். பதினொன்றரை மணிக்கு ரசம் தாளிக்கிற வாசனை படியேறி வந்துவிட்டால் அதற்குப் பிறகு யார் மண்டையிலும் சட்டம் ஏறாது. ஐந்நூறு மாதிரி வினாக்கள் கொண்ட தாள்கட்டு ஆளுக்கொன்று கொடுத்து, இதை முடித்தால் போதும் என்றார் ஆசிரியை. என் பக்கத்து நாற்காலிக்காரர் செலாயாங் மொத்தச் சந்தையில் குளிரறையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அண்ணன். பத்தே நாளில் ஐந்நூறையும் முடித்துவிட்டேன் என்றார். எனக்கு வயிறு எரிந்தது. விசாரித்துப் பார்த்தால், மனிதர் கேள்வியைப் படிக்கவே இல்லை. ஒன்று சி, இரண்டு ஏ, மூன்று சி என்று எழுத்தை மட்டும் வாய்ப்பாடு போல உருப்போட்டிருக்கிறார்.

மாதிரித் தேர்வில் அதே கேள்விகள்தான் வந்தன. ஆசிரியை வரிசையை மட்டும் கலைத்துப் போட்டிருந்தார். அண்ணன் நூற்றுக்குப் பத்தொன்பது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், எழுந்து நின்று சொன்னார்: "டீச்சர், நான் படிச்சது கரெக்ட் லா. கேள்விங்கதான் எடம் மாறி ஒக்காந்திருச்சு."

வீட்டில் ஒரு ஆபத்து

"ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளில் முதலாவது எது?" இந்தக் கேள்வியை நான் வீட்டுக் கூடத்தில் உரக்கப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், என் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசை மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஏறி பல்பு மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். ஏணி எங்கே, சுவிட்சை அணைத்தீர்களா, கீழே பிடித்துக்கொள்ள ஆள் எங்கே, நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறதே என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். அவர் பல்பைக் கையில் பிடித்தபடி பொறுமையாக, அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று கேட்டார். ஆபத்தை முதலில் அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றேன். நீ உள்ள போ."

ஐந்தாவது விடை

தியாகு அண்ணன் எங்கள் கிடங்கின் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். காப்பாரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், என்னைவிட மூத்தவர். வெள்ளை ஹெல்மெட் என் தலையில் ஏறிய நாளிலிருந்து குறும்பாக என்னை 'மேடம்' என்கிறார். காலை இடைவேளையில் அவர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார், நான் வினாக்கட்டைப் பிரிப்பேன். கேள்வியை எண்ணோடும், நான்கு விடைகளையும் சத்தமாகப் படித்து நான் டிக் அடிப்பேன். அவர் மென்றுகொண்டே கேட்பார்.

சுமை டிரைவரின் பார்வையை மறைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. வண்டியைப் பின்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பது சரியான விடை. தியாகு அண்ணனோ, நம்ம பதில் அந்த நாலுலயும் இல்லையே என்றார். அவருடைய பதில், தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று பத்து நிமிடம் விளக்கினேன். விரலில் ஒட்டிய சம்பலை நக்கி முடித்துவிட்டுச் சொன்னார்: "இருவது வருசமா நீட்டறேன் மேடம். தலை இன்னும் என்கிட்டதான் இருக்கு."

நூற்றுப் பன்னிரண்டு

தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது மரச்சாமான் ஏற்றிய ஒரு கண்டெய்னர் வந்து இறங்கியது. மரத்தில் இருக்கும் பூச்சியைக் கொல்ல இப்படிப்பட்ட கண்டெய்னர்களில் நச்சுப்புகை அடித்து மூடி அனுப்புவதுண்டு. புகை முழுதாக வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டால் ஆபத்து, மூக்குக்குக்கூடத் தெரியாது. இந்தக் கண்டெய்னரின் கதவில் எச்சரிக்கைத் தாள் முக்கால்வாசி கிழிந்திருந்தது. மிச்சமிருந்த மூலையை நான் பார்த்தேனா என்றால், பார்த்தேன். ஆனால் வாடிக்கையாளர் போனில், எத்தனை பெட்டி இருக்கிறது என்று எண்ணிச் சொல்லச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறக்கச் சொல்லி, போனைக் காதில் வைத்தபடியே ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன்.

யாரோ என் மேலங்கியைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். "மேடம், வெளிய வாங்க! நூத்திப் பன்னெண்டு!" என்று தியாகு அண்ணன் கத்தினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைத் தூரமாக இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, கேள்வியை விடையோடு ஒப்பித்தார்: புகை அடித்த கண்டெய்னரைத் திறந்து காற்றோட்டமாக விட்டு, கருவி வைத்து அளந்து பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். கொஞ்ச நேரத்தில் அளக்கும் கருவி வந்தது. கதவருகே கொண்டுபோனதும் அது அலறிய அலறலில் அங்கிருந்த அத்தனை பேரும் பின்வாங்கினார்கள்.

நான் ஒரு பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். பத்துத் தடவையாவது அந்தக் கேள்விக்குச் சரியாக டிக் அடித்திருக்கிறேன். அவருக்குப் படித்துக் காட்டியதே நான்தான். எனக்கு ஏன் அண்ணே ஞாபகம் வரவில்லை என்று கேட்டபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் பாலில்லாத தேநீர், தே ஓ ஒன்று வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க டிக் அடிச்சீங்க மேடம். நான் காதுல வாங்கிக்கிட்டேன்."

கடைசியாக

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. வினாக்கட்டில் சி இடத்தில் இருந்த விடை இங்கே ஏ இடத்தில் இருந்தது. செலாயாங் அண்ணனை நினைத்துச் சிரிப்பு வந்தது. அதே நேரம் முதுகில் யாரோ மேலங்கியைப் பிடித்து இழுப்பதுபோலவும் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கேள்வியையும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் தாளில் பேனாவை வைத்தேன். தேறிவிட்டேன். வெள்ளை ஹெல்மெட்டின் உட்புறத்தில் என் பெயரை மார்க்கரால் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் வினாக்கட்டைக் கொண்டுபோய் தியாகு அண்ணனிடம் கொடுத்து, அடுத்த தடவை நீங்கள் எழுதுங்கள் என்றேன். வாங்கினார், புரட்டினார், பத்திரமாக ஃபோர்க்லிஃப்ட் இருக்கைக்கு அடியில் சொருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "நானும் ஆபீசர் ஆயிட்டா, உங்கள யாரு மேடம் வெளிய இழுக்கறது?"

மூன்று முறை எழுதித் தேறியவள் நான். ஒரு முறைகூட எழுதாமலே தேறிய தியாகு அண்ணன், இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்திலும் எனக்கு எதிரிலேயே தலையை வெளியே நீட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்.