வீட்டில் வாசித்துக்கொள்ள வேண்டிய பாடம்

மகள் உயிரியல் குரூப்பில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள். படிக்கப் போவது அவள்தான் என்றாலும், பள்ளிக்கூடம் முதலில் கூப்பிட்டது எங்களை.

பெற்றோர் கூட்டத்தில் உயிரியல் டீச்சர் மைக்கைப் பிடித்துத் தன் எதிர்பார்ப்புகளை வாசித்தார். இந்த வருடம் கல்யாணம், சடங்கு என்று எதற்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. மாதா கோயில் திருவிழா அடுத்த வருடமும் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் டிவி சத்தம் கேட்கக் கூடாது. விருந்தாளி வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிட வேண்டும். லீவு என்ற பேச்சே கூடாது. மீறிப் போட்டால் பெற்றவர்களில் ஒருவர் கூடவே வந்து காரணம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் சாயங்காலம் பிள்ளை பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்க, அம்மா புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்டு, டைரியில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாக்கள் எல்லாரும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நன்றாகத் தலையாட்டினார்கள். அவர்களுக்கென்று ஒரு விதியும் இல்லை, ஆட்டுவதில் என்ன கஷ்டம்?

ஒரு அப்பா மட்டும் எழுந்து, "புரிஞ்சி படிச்சாப் போதாதா டீச்சர்?" என்று கேட்டார்.

"புரிஞ்சிக்கிட்டு இருந்தா நேரமாயிருமே அண்ணாச்சி. புக்குல இருக்கிற மாதிரியே எழுதினாத்தான் மார்க்கு" என்றார் டீச்சர். அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அந்தக் கூட்டத்தில் வேறொரு கவலை இருந்தது. எழுந்தால் சேலையில் கறை தெரியுமோ என்ற கவலை. இரண்டு மாதமாக எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. வயது நாற்பத்தேழு. "நிக்கப் போற சமயத்துல அப்படித்தாங்க்கா கொட்டும்" என்று ஆபீஸில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அவளும் என்னைப் போலக் கப்பல் ஏஜென்சியில் பில் போடுகிறவள்தான். இருந்தாலும் அதையே மருத்துவர் வாக்காக எடுத்துக்கொண்டேன். பப்ளிக் பரீட்சை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். பிள்ளைக்கே லீவு இல்லாத வருடத்தில் அம்மாவின் கர்ப்பப்பைக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

அன்று முதல் எங்கள் வீடு ஒழுக்கமான வீடாயிற்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, சத்தத்தை அணைத்துவிட்டு கிரிக்கெட் பார்த்தார். விக்கெட் விழுந்தால் வாயைப் பொத்திக்கொண்டு தொடையில் அடித்துக்கொள்வார். மகள் கண்ணை மூடி, முன்னும் பின்னும் ஆடியபடி ஒப்பிப்பாள். நடுவில் ஒரு வார்த்தை விட்டுப்போனால் முதல் வரியிலிருந்து தொடங்குவாள். இடையில் எதையாவது கேட்டால், "யம்மா, தொடர்பு விட்டுப்போச்சி" என்று என்மேல் எரிந்து விழுவாள். நானும் கையெழுத்துப் போட்டுப் போட்டு, ஒன்றும் புரியாமலே பாதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டேன்.

அப்புறம் மனித இனப்பெருக்கம் என்ற பாடம் வந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற வகுப்பு. டீச்சர் தலைப்பைப் பலகையில் எழுதினார், உடனே அழித்தார். "இது ஈசியான பாடம். வீட்டுல வாசிச்சிக்கோங்க. திங்கக்கிழமை டெஸ்ட்டு" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். மூன்று மாதம் ஒரு பட்டாணிச் செடியைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்களுக்கு, மனுஷி உடம்பென்றால் பலகையும் ஆகவில்லை.

ஆக, அந்தப் பாடமும் என் தலையில் விழுந்தது. மகள் முதல் வரியைத் தொடங்கியதுமே என் கணவருக்குக் கடைக்குப் போகிற ஞாபகம் வந்துவிடும். போனவர் வெறுங்கையோடு வரக் கூடாதே என்று உடன்குடி கருப்பட்டி வாங்கி வருவார். பாடம் நீளமானது. அந்த வாரம் முழுக்க வீட்டில் எறும்புக்கு நல்ல வேட்டை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாதவிடாய் சுழற்சி. உதிரப்போக்கு மூன்று முதல் ஐந்து நாள் நீடிக்கும் என்று மகள் ஒப்பித்தாள். சரியாகச் சொன்னாளா என்று புத்தகத்தைப் பார்த்தேன். அப்படித்தான் அச்சடித்திருந்தது.

"ஏளா, அஞ்சு நாளுக்கு மேலயும் நிக்காமப் போனா?"

"அது சிலபஸ்ல இல்லம்மா. கேக்க மாட்டாங்க."

அவள் அடுத்த வரிக்குப் போனாள். பாதி வரியில் நின்றாள். தொடர்பு விட்டுப்போவதைப் பற்றி அவள் கவலைப்படாதது அன்று ஒருநாள்தான்.

"யம்மா, சும்மா கேக்கியா, இல்ல ஒனக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமாக யாரும் கேட்காத கேள்வி அது. அவள் பக்கத்தில் வந்து என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். "வெளுத்துக் கெடக்கு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நாளைக்கு ஒனக்கு டெஸ்ட்டுளா."

"இந்தப் பாடத்துலதானம்மா டெஸ்ட்டு?"

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கர்ப்பப்பையில் கட்டி. உடம்பில் ரத்தம் பாதிதான் இருந்தது. "ஏன் இவ்வளவு நாள் வரலை?" என்று கேட்டார். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு என்றேன். அவருக்கு அது புதிய பதிலாகத் தெரியவில்லை. ரத்தம் ஏற்றினார்கள். கட்டியில் கொஞ்சம் கிள்ளி சோதனைக்கு அனுப்பினார்கள். கெட்ட கட்டி இல்லை, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை.

விதிப்படி, மகளோடு நானும் பள்ளிக்கூடம் போய் நின்றேன். லீவு லெட்டரில் அவள் கர்ப்பப்பை, உதிரப்போக்கு என்று எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தாள். டீச்சர் வாசித்துவிட்டு, எதிர் மேஜையில் இருந்த கணக்கு சாரைப் பார்த்தார். லெட்டரைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"காய்ச்சல்னு எழுதியிருக்கலாமே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க வீட்டுல வாசிக்கச் சொன்ன பாடந்தான டீச்சர்? வாசிச்சோம்."

டீச்சர் மகளை வகுப்புக்கு அனுப்பினார். பெல் அடித்து கணக்கு சார் வெளியே போகிறவரை டீச்சர் நோட்டுத் திருத்துவதுபோலக் குனிந்தே இருந்தார். நான் இன்னும் நாலு வார்த்தை சூடாகக் கேட்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கிழமையில இருப்பாங்க?"

"யாருக்கு டீச்சர்?"

"எனக்குத்தான். கோடை லீவுலேருந்தே நிக்க மாட்டேங்கு. போர்ஷன் முடியட்டும்னு பாத்தேன்."

தயாராக வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்தேன். என் கையைப் போலவே சில்லிட்டிருந்தது.

"நாளைக்கே லீவு போடுங்க டீச்சர். லீவு போட்டா பெத்தவங்க ஒருத்தர் கூட வரணும்னு நீங்கதான சொன்னிய? நான் வாரேன்."