மூன்றடித் தொட்டிக்கு ஓர் இடம்

முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவரை எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். தலையில் ஒரு முடிகூட இல்லை. கேட்டால், "முடி போயிடுச்சு, பேரை மட்டும் விட்டுட்டுப் போயிடுச்சு" என்பார்.

குழந்தைகள் தலையை ஆட்டாமல் உட்காரட்டும் என்று, கண்ணாடிக்கு முன்னால் உருண்டைக் கிண்ணத்தில் ஒரு தங்கமீன் வைத்திருந்தார். மீன் மளமளவென்று வளர்ந்தது. திரும்பினால் வால் இடித்தது. அடிக்கடி மேலே வந்து வாயைப் பிளந்தது. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டார். தண்ணீர் கலங்கியது.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்கார அம்மாவிடம் போய்ச் சொன்னார். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பசியில்லீங்க, மூச்சு முட்டுது. இது உள்ளங்கையைவிடப் பெருசா வளரும். மூணடி நீளத் தொட்டியாவது வேணும். உயரம் முக்கியமில்ல, மேல்பக்கம் அகலமா இருக்கணும். அப்பத்தான் தண்ணிக்குக் காத்து கிடைக்கும்."

சுருட்டை தன் கடையை அளந்து பார்த்தார். வெயில் படாத, கதவு இடிக்காத மூன்றடி இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே தம்பியின் நாற்காலி நின்றது.

முன்பு தம்பியும் அங்கேதான் முடிவெட்டினான். ஒருநாள் சுருட்டை ஒரு வாடிக்கையாளர் முன்னால் அவனைக் 'கைநடுங்கி' என்று சொல்லிவிட்டார். தம்பி கத்தரியை வைத்துவிட்டுப் போனவன், வேறொரு தெருவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. தினமும் துடைத்து மட்டும் வைப்பார்.

"அதைத் துடைக்கிற நேரத்துக்கு அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்" என்பாள் மனைவி.

முதலில் சுவர் மூலையில் அடங்கும்படி ஒரு சின்னத் தொட்டி வாங்கி வைத்தார். மீன் அதிலும் அடியில் சோர்ந்து கிடந்தது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி வேலை செய்யும் இடத்துக்குப் போனார்.

தம்பி யாருக்கோ தாடி ஒதுக்கிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"உன் நாற்காலிய எடுக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"மீன் தொட்டி வைக்கணும்."

கத்தரி நின்றது. "ஒரு மீனுக்காகவாண்ணே என்னைத் தேடி வந்தே?"

"வேற எதைச் சொல்லிக்கிட்டு வர்றதுன்னு தெரியலடா."

தாடிக்காரர் சிரித்துவிட்டார். தம்பி சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

சொன்னபடியே வந்தான். நாற்காலியின் அடிப்பகுதியைக் கழற்றி இருவருமாக வெளியே தூக்கினார்கள். அந்த இடத்தில் மூன்றடித் தொட்டியை ஒரு மேசைமேல் வைத்து, மேசைக் கால்களுக்கு அட்டை கொடுத்துச் சமன் செய்தார்கள். தண்ணீர் நிறைந்ததும் மீன் வெகுநேரம் மூலையிலேயே நின்றது. பிறகு ஒரே வீச்சில் மறுகோடி வரை போனது. மனைவி கைதட்டினாள்.

தம்பி திரும்ப அந்தக் கடைக்கு வேலைக்கு வரவில்லை. தனியாகக் கடை போட்டான், அந்த நாற்காலியோடு. விடுமுறை நாட்களில் தண்ணீர் மாற்ற வருகிறான். தீனி அதிகம் என்று அண்ணனைத் திட்டுகிறான். பேச்செல்லாம் மீனைப் பற்றித்தான். அந்தப் பழைய வார்த்தையை இன்னும் இருவரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பதென்று சுருட்டைக்கு இப்போதும் தெரியவில்லை.